பூட்டிக் கிடக்கும் கிணறுகள்



2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா ஒழிந்த நாடு என்று அறிவித்தது. 1934-35இல் ஏறத்தாழ 80,000 உயிர்களைக் குடித்த காய்ச்சல் அது. பெருமைப்பட்டோம், படத்தான் வேண்டும். ஆனால் அந்த வருடம் முடியுமுன்னரே மன்னாரில் ஒரு புது நுளம்பு பிடிபட்டது. பெயர் அனோபிலிஸ் ஸ்டீபன்சி. சென்னையில் காலங்காலமாக மலேரியாவைப் பரப்பிவரும் அதே நுளம்பு. பிறகு நம் யாழ்ப்பாணத்துக் கிணறுகளிலும் அதன் குடம்பிகளைக் கண்டார்கள்.

நம் நாட்டுப் பழைய மலேரியா நுளம்பு, வற்றிய ஆற்றின் குட்டைகளைத் தேடிப் போகும். இந்தப் புது நுளம்புக்கு ஆறு வேண்டாம். கட்டின கிணறும் சீமெந்துத் தொட்டியும் தண்ணீர்த் தாங்கியும் போதும். ஒரு வாளி அள்ளி வெயிலில் வைத்துப் பாருங்கள். டெங்கு நுளம்பின் குடம்பி தலைகீழாகத் தொங்கும். இதன் குடம்பியோ நீர்மட்டத்தோடு துரும்புபோல் படுத்துக் கிடக்கும். நிழல் பட்டால் சட்டென்று அடியில் மறையும்.

ஒரு சின்ன நுளம்பு என்ன செய்துவிடும் என்கிறீர்களா? ஆபிரிக்காவில் ஜிபூட்டியைக் கேளுங்கள். 2012இல் அங்கே மலேரியா கண்டவர்கள் முழு நாட்டிலும் 27 பேர். இந்த நுளம்பு வந்து குடியேறியது. 2020இல் 73,000க்கும் மேல்!

நுளம்பு தானாக நோயை உண்டாக்காது. கிருமியைச் சுமந்து ஒருவர் வரவேண்டும். மலேரியா உள்ள நாடுகளுக்குப் போய்த் திரும்புவோரின் இரத்தத்தில் அது இன்னும் வந்துகொண்டுதான் இருக்கிறது. அது பரவ இடம் கொடுப்பது நாங்கள்தான். பூட்டிக் கிடக்கும் வளவுகளைப் பாருங்கள்: உள்ளே கிணறு, வளவுக்காரர் கனடாவில், திறப்பு யாரிடமோ. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து கேற்றைத் தட்டிவிட்டுத் திரும்புகிறார். திருவிழாவுக்குக் காசு கேட்டு அந்த வளவுக்காரருக்கு உடனே போன் எடுக்கத் தெரிந்த எங்களுக்கு, கிணற்றுக்கு ஒரு வலை போடச் சொல்ல மட்டும் வாய் வருவதில்லை!

தண்ணீர்த் தாங்கியை இறுக மூடுங்கள். பாவிக்காத கிணற்றில் மீன் விடச் சுகாதாரப் பகுதியினரிடம் கேளுங்கள். வெளிநாட்டுப் பயணம் போய்வந்து காய்ச்சல் என்றால், எங்கே போனீர்கள் என்பதை வைத்தியரிடம் முதலில் சொல்லுங்கள். இளம் வைத்தியர்களில் பலர் மலேரியா நோயாளியைக் கண்டதே இல்லை. வரும் ஞாயிறு ஒழுங்கை ஒழுங்கையாகப் போய்ப் பூட்டிய வளவுகளைக் கணக்கெடுப்போம். வரக்கூடியவர்கள் இப்போதே சனசமூக நிலையச் செயலாளரிடம் பெயரைக் கொடுங்கள்.