கடுகின் காரமும் பிரம்மதண்டு விதையும்
(திருவண்ணாமலை உழவர்களுக்கு ஆற்றிய உரை)



பௌர்ணமி கிரிவலத்தன்று அன்னதானத் தயிர்சாதத்துக்குத் தாளிக்கும்போது கடுகு வெடிக்கிறது, மணக்கிறது. காரம் மட்டும் இல்லை. அதே பழுப்புக் கடுகைப் பச்சையாக அரைத்தால் மூக்கில் ஏறுகிறது. காரணம் என்ன? விதையிலுள்ள சினிக்ரின் என்ற பொருளும் மைரோசினேஸ் என்ற நொதியும், விதை நசுங்கி ஈரம் பட்டபின்தான் ஒன்றுசேர்ந்து காரத்தை உண்டாக்குகின்றன. சூடு அந்த நொதியை அழித்துவிடும். ஆகவே, காரமான ஊறுகாய் வேண்டுவோர் கடுகை வறுக்க வேண்டாம். வெயிலில் காயவைத்துப் பொடித்தால் போதும். பச்சடிக்கு அரைப்பதானால் பச்சைத் தண்ணீர் விட்டு அரைத்து, பத்து நிமிடம் கழித்துத் தயிரில் சேருங்கள். புளிப்பு அந்தக் காரத்தைப் பிடித்து வைக்கும்.

கடைப்பொடியை விட, விதையாக வாங்கி வீட்டில் பொடிப்பதே நல்லது. தரிசிலும் சாலையோரத்திலும் மஞ்சள் பூவுடன் நிற்கும் முட்செடியான பிரம்மதண்டின் விதை, பார்வைக்குக் கடுகு போலவே இருக்கும், ஆனால் நஞ்சு. 1998-இல் டெல்லியில் இதன் எண்ணெய் கலந்த கடுகெண்ணெயை உண்டவர்கள் கால் வீங்கி, மூச்சுத் திணறி, 60 பேருக்கு மேல் இறந்தார்கள். பொடித்தபின் கண்ணால் கண்டறிய இயலாது. விதையாக இருக்கும்போது தட்டில் பரப்பிப் பாருங்கள். கடுகு வழுவழுப்பானது, நசுக்கினால் உள்ளே மஞ்சள். பிரம்மதண்டு விதை சொரசொரப்பானது; உள்ளே வெள்ளை.

வயலோரத்தில் கடுகு விதைத்திருப்போர், பிரம்மதண்டின் காய் வெடிக்கும் முன்பே, கையில் சாக்கைச் சுற்றிக்கொண்டு வேரோடு பிடுங்கிவிடுங்கள். களத்துக்கு வந்தபின் சலித்துப் பிரிப்பது பெரும்பாடு; இரண்டு விதையும் ஏறக்குறைய ஒரே பருமன்.