விசா என்ற பெயரில் ஒரு விற்பனை
(வாலிபர்களும் வணிகர்களும் கலந்து கொண்ட கூட்டத்தில் ஆற்றிய உரை)

வியாபாரப் பெருமக்களே!

நீங்கள் பொருளை வாங்கி விற்பவர்கள். எடையில் குறைத்தால் பாவம், கலப்படம் செய்தால் பாவம் என்று அறிந்தவர்கள். மனிதனையே விற்றால்? மறுமையில் மூன்று பேருக்கு எதிராக அல்லாஹ்வே வழக்காடுவான் என்று ஒரு ஹதீஸ் புகாரியில் வருகிறது. சுதந்திரமான மனிதனை விற்று அந்தக் கிரயத்தைத் தின்றவன் அதில் ஒருவன். கூலிக்கு ஆள் பிடித்து, வேலையை முழுதாக வாங்கிக் கொண்டு, கூலி கொடுக்காதவன் இன்னொருவன். அடிமைச் சந்தை என்றோ ஒழிந்து விட்டது, இந்த ஹதீஸ் நமக்கில்லை என்று நினைத்து விடாதீர்கள். சந்தை ஒழியவில்லை சகோதரர்களே, பெயர்தான் மாறியிருக்கிறது!

தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை, கை நிறையச் சம்பளம் என்கிறான் ஏஜெண்ட். படித்த பையன் பாங்காக்கில் போய் இறங்குகிறான். அங்கிருந்து காரில் மே சோட் என்ற எல்லை ஊர். இரவோடு இரவாக ஆற்றைக் கடத்தி மியான்மரின் மியாவடிப் பகுதிக்குக் கொண்டு போகிறார்கள். பாஸ்போர்ட்டைப் பறித்துக் கொள்கிறார்கள். உயர்ந்த மதில், துப்பாக்கிக் காவல். வேலை என்ன தெரியுமா? பெண்ணைப் போல நடித்து, முதலீடு என்று ஆசை காட்டி, முகமறியாதவர்களின் பணத்தைக் கறக்க வேண்டும். மறுத்தால் அடி உதை. ஊருக்குப் போக வேண்டுமென்றால் லட்சக்கணக்கில் பணம் கட்டு என்பான்!

மியான்மரில் குறைந்தது 1,20,000 பேர், கம்போடியாவில் சுமார் 1,00,000 பேர் இப்படிச் சிக்கியிருக்கலாம் என்று ஐ.நா. மனித உரிமை அலுவலகம் 2023 ஆகஸ்டில் கூறியது. 2022 அக்டோபரில் மியாவடியிலிருந்து மீண்டு சென்னைக்கு வந்த 13 பேர் தமிழர்கள். 2025 மார்ச்சில் 549 இந்தியர்கள் விமானப்படை விமானங்களில் அழைத்து வரப்பட்டார்கள்.

வளைகுடாவுக்கு வீட்டு வேலைக்குப் போகும் சகோதரிகளின் கதை வேறு விதம். ஆண்களிடம் பணம் கேட்கும் ஏஜெண்ட், பெண்ணிடம் "டிக்கெட் இலவசம், விசா இலவசம்" என்பான். ஏன் இந்தத் தாராளம்? அவளுக்கான விலையை அங்குள்ள முதலாளியிடம் வாங்கி விடுகிறான்! வேலை தாங்காமல் ஊருக்குப் போகிறேன் என்று அவள் அழுதால், "உனக்காகப் பணம் கொடுத்திருக்கிறேன், அதைத் திருப்பிக் கொடு" என்கிறான் முதலாளி. இது விற்பனை இல்லாமல் வேறென்ன?

இந்த வியாபாரத்துக்கு முதலீடு எது? பணமல்ல, நம்முடைய நம்பிக்கை! ஏஜெண்ட் வானத்திலிருந்து குதிப்பதில்லை. சலாம் சொல்லி வருகிறான். "நம்ம ஆளு, மாமா வழியில் சொந்தம்" என்று நாமே சிபாரிசு செய்கிறோம். இரண்டாவது முதலீடு நம்முடைய மௌனம். ஏமாந்து திரும்பிய பையனின் வீட்டில் கேவலம் என்று வாயை மூடிக் கொள்கிறார்கள். திரும்பி வந்த பெண்ணைப் பற்றியோ ஊரே வாய்க்கு வந்தபடி பேசுகிறது. பஞ்சாயத்துப் பேசி, வாங்கிய பணத்தில் பாதியைக் கொடுத்து ஏஜெண்ட் தப்பி விடுகிறான். அடுத்த மாதம் அடுத்த தெருவில் இன்னொரு பையனுக்கு பாஸ்போர்ட் எடுக்கிறான்!

வெட்கப்பட வேண்டியவர் யார்? இழிதொழிலுக்குக் கட்டாயப்படுத்தப்பட்ட பெண்களைப் பற்றி சூரா அந்நூரின் 33வது வசனம் பேசுகிறது. கட்டாயப்படுத்துவதைத் தடுக்கிறது, கட்டாயத்துக்கு ஆளானவர்களுக்கோ இறைவனின் மன்னிப்பையும் கருணையையும் அறிவிக்கிறது. இறைவன் குற்றம் சொல்லாதவளை நாம் குற்றம் சொல்வதா? நாட்டின் சட்டமும் இதில் தெளிவாக இருக்கிறது. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 143வது பிரிவில், பாதிக்கப்பட்டவர் சம்மதித்துத்தானே போனார் என்ற வாதம் செல்லாது. ஒருவரைக் கடத்தினால் 7 முதல் 10 ஆண்டு வரை கடுங்காவல். ஒருவருக்கு மேல் என்றால் குறைந்தது 10 ஆண்டு, ஆயுள் வரையும் போகும்.

வணிகர்களே! அந்தப் பிரிவு அனுப்புகிறவனை மட்டும் பிடிப்பதில்லை. சுரண்டுவதற்காக ஆளைப் பெற்றுக் கொள்கிறவனையும் பிடிக்கிறது. அட்வான்ஸ் கொடுத்து வடநாட்டிலிருந்து சிறுவர்களைக் கூட்டி வந்து, பட்டறையில் பூட்டி வைத்து வேலை வாங்குகிறவன் நம்மவனாக இருந்தாலும் அவன் அந்த ஹதீஸுக்குள்தான் வருகிறான். 14 வயது நிரம்பாத பிள்ளையைக் கூலி வேலைக்கு வைப்பது சட்டப்படி குற்றம். கொத்தடிமை முறை 1976லேயே ஒழிக்கப்பட்டு விட்டது.

வாலிபர்களே! போகும் முன் விசாரியுங்கள். வெளிநாட்டுக்கு ஆள் எடுக்கும் ஏஜெண்ட், 1983ஆம் ஆண்டு குடிபெயர்வுச் சட்டப்படி பதிவு செய்திருக்க வேண்டும். அவர் பெயர் மத்திய அரசின் இ-மைகிரேட் இணையதளத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். சேவைக் கட்டணம் ஜி.எஸ்.டி. நீங்கலாக 30,000 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது. ரசீது கேளுங்கள். விசிட் விசாவில் வேலைக்குப் போகாதீர்கள். ஒப்பந்தம், விசா, பாஸ்போர்ட் நகல்களை வீட்டில் கொடுத்து விட்டுப் போங்கள்.

ஏமாந்து விட்டால் பஞ்சாயத்தோடு நிறுத்தாதீர்கள். காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள். கடத்தலுக்கு ஆளானவர், வருமானம் எவ்வளவாக இருந்தாலும், இலவச சட்ட உதவி பெற உரிமை உள்ளவர். 15100 என்ற எண்ணில் கேட்கலாம்.

ஜமாஅத் நிர்வாகிகளே! ஜகாத் பெறத் தகுதியான எட்டு வகையினரில் அடிமைத்தளையில் கிடப்பவர்களும் கடனாளிகளும் இருக்கிறார்கள். திரும்பி வந்தவன் தலையில் விசாக் கடன் நிற்கிறது. உம்மாவின் நகை அடகில் இருக்கிறது. அந்தக் கடன் பைத்துல்மால் கணக்கில் வரட்டும். கடை வைத்திருக்கும் சகோதரர் அவனுக்கு ஒரு வேலை கொடுக்கட்டும். அங்கே என்ன நடந்தது என்று தோண்டித் தோண்டிக் கேட்காமல், சாப்பிட்டாயா என்று கேளுங்கள்.

சகோதரர்களே! புகார் கொடுக்க ஒரு தாய் தனியாகக் காவல் நிலையப் படி ஏறினால் ஏஜெண்ட் சிரிப்பான். அவளோடு ஊர்ப் பெரியவர்கள் பத்துப் பேர் போனால் அவன் கடையைக் கட்டுவான். அந்தப் பத்துப் பேரில் நீங்கள் ஒருவராக இருப்பீர்களா? சிந்தியுங்கள், செயல்படுங்கள்! வஸ்ஸலாம்.