பாதியில் நின்ற பழைய வண்டிக்கு விலை என்ன?

யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பது பழமொழி. ஆனால் யானை இருக்கவும் இல்லை, இறக்கவும் இல்லை என்னும் நிலையில் அதன் விலை என்ன என்று பழமொழி கூறவில்லை. திருத்தத் தொடங்கிப் பாதியில் விடப்பட்ட பழைய மோட்டார் வண்டி இத்தகைய இரண்டுங்கெட்டான் நிலையிலேயே நிற்கிறது. அது ஓடும் வண்டியுமன்று, பழைய இரும்புமன்று. வைத்திருப்பவர் ஒரு விலை சொல்வார். வாங்க வருபவர் அதில் பத்திலொரு பங்கைச் சொல்வார். இருவரும் தத்தம் வழியில் உண்மையே பேசுவதாக எண்ணுவர். இந்த வழக்கைத் தீர்ப்பதற்கு ஒரு முறை உண்டு. அதனை மொறிஸ் மைனர் பிக்கப் வண்டியொன்றை முன்வைத்து ஆராய்வது பயனுடையது.

அலெக் இசிகோனிஸ் என்னும் பொறியியலாளர் வகுத்த மொறிஸ் மைனர் கார் 1948ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் வெளிவந்தது. அதே இனத்தைச் சேர்ந்த சிறிய பிக்கப் வண்டி 1953இல் வந்தது. அதன் முதல் இயந்திரம் 803 கன சென்ரிமீற்றர் கொள்ளளவுடையது. 1956இல் அது 948 ஆகவும், 1962இல் 1098 ஆகவும் பெருகியது. இலங்கையின் பட்டினங்களிலும் கிராமங்களிலும் இவ்வண்டிகள் சந்தைக்கு மரக்கறியும், கடைக்கு மூட்டையும் சுமந்தன. 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி நெருக்கடியால் கார் இறக்குமதி இறுகியபோது, இருந்த வண்டியைத் திருத்தித் திருத்தி ஓட்டுவதே வழியாயிற்று. 1990இன் பின்னர் வடக்கிலே பெற்றோல் தடைப்பட்ட காலத்தில், தொடக்கத்துக்குச் சில துளி பெற்றோலும் ஓட்டத்துக்கு மண்ணெண்ணெயுமாக இப்பழைய கார்கள் நோயாளரையும் சுமந்தன. ஆகவே இவற்றைக் கைவிட மனம் வராமை வெறும் பழம்பற்று அன்று. நன்றியுணர்வும் அதிற் கலந்திருக்கிறது.

இத்தகைய வண்டியைப் புதுக்கும் வேலை ஏன் பாதியில் நிற்கிறது? பணம் முடையாகிறது, மெக்கானிக் வெளிநாடு போய்விடுகிறார், உரியவர் நோயுறுகிறார், சில வீடுகளில் உரியவரே காலமாகிவிடுகிறார். அப்போது கொட்டிலின் கீழ் ஓர் அடிச்சட்டமும், சுவரிற் சாத்திய கதவுகளும், பிஸ்கற் தகரங்களில் ஆணிகளும் திருகுகளும் எஞ்சுகின்றன. உயிரோடு இருக்கும்வரை ஒருவருடைய ஆசையாக இருந்த அப்பொருள், அவருக்குப் பின் குடும்பத்தின் சொத்தாகிறது. மனைவிக்கு மருந்துச் செலவு உண்டு. மகளுக்குப் பங்கு உண்டு. மகனொருவனுக்கு அதனைத் தானே முடிக்க வேண்டும் என்னும் விருப்பம் உண்டு. அந்நிலையில் வண்டியின் விலை வியாபாரக் கணக்கோடு நின்றுவிடாமல், உடன்பிறந்தாரிடையே நீதியைப் பற்றிய கேள்வியாகவும் மாறுகிறது.

விலை கூறுவதில் இரண்டு பிழைகள் வழக்கமாக நேர்கின்றன. முதலாவது, செலவழித்த பணத்தைக் கூட்டிச் சொல்வது. பற்றுச்சீட்டுக்களை ஒரு கோப்பில் அடுக்கி, இவ்வளவு போட்டிருக்கிறோம், இதற்குக் குறைய விற்க முடியாது என்பர். போன பணம் போனதே. அதனைக் கண்டு வாங்குபவர் ஒரு சதமும் கூட்டித் தரமாட்டார். அச்செலவின் பயனாக இன்று வண்டியில் என்ன இருக்கிறது என்பதையே அவர் பார்ப்பார். இரண்டாவது பிழை இதற்கு நேர்மாறானது. ஓடாத வண்டி, வெறும் இரும்பு என்று சொல்லும் வியாபாரியின் வாக்கை வேதவாக்காகக் கொண்டு நிறை கணக்கில் ஏற்றிவிடுவது. துக்கம் ஆறாத வீட்டில் இப்பிழை எளிதாக நேர்கிறது. அவ்வாறு நிறுத்து ஏற்றப்பட்ட வண்டியின் கதவும் விளக்கும் கியர்ப் பெட்டியும் தனித்தனியே நல்ல விலைக்குப் போகும்.

உண்மையில் முடியாத வண்டிக்கு மூன்று விலைகள் உண்டு. ஒன்று, பழைய இரும்பின் விலை. இதுவே அடித்தளம். மற்றொன்று, உதிரிப்பாகங்களாகப் பிரித்து விற்றாற் கிடைக்கும் விலை. மூன்றாவது, முடிந்த வண்டியின் விலையிலிருந்து முடிப்பதற்கான செலவைக் கழித்து வரும் விலை. இம்மூன்றில் எது மிகப் பெரியதோ அதுவே அவ்வண்டியின் நேர்மையான பெறுமதி.

மூன்றாவது கணக்கை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். நன்கு முடிந்த அதே வகை வண்டி சந்தையில் 100 பங்கு பெறும் என்று கொள்வோம். மீதி வேலைக்கு 45 பங்கு செல்லும் என்று நேர்மையான மெக்கானிக் கணிக்கிறார். பழைய வண்டியில் எதிர்பாராத செலவு வராமற் போகாது. அதற்கு அத்தொகையின் காற்பங்காகிய 11ஐச் சேர்த்தால் 56 ஆகும். மிஞ்சுவது 44. வாங்குபவர் தம் காலத்தையும் உழைப்பையும் இடரையும் இடுகிறார். அதற்கு 14ஐ விட்டால் 30 எஞ்சும். உதிரிப்பாக விலை 22 என்றால், 30 என்பதே நியாய விலை. வண்டிக்கு முன்னர் 70 பங்கு செலவாகியிருந்தாலும் இவ்விடை மாறாது. ஆனால் மீதி வேலை 75 என்று வந்தால், எதிர்பாராச் செலவோடு 94 ஆகி, கையில் 6 மட்டுமே மிஞ்சும். அப்போது பிரித்து விற்பதே அறிவுடைமை.

இக்கணக்கில் முதலாவது எண், அதாவது முடிந்த வண்டியின் விலை, இன்றைய சந்தையிலிருந்து எடுக்கப்பட வேண்டும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டபின் பழைய வண்டிகளுக்கும் கிராக்கி ஏறியது. 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறந்தது. இடைக்காலத்தில் அயல்வீட்டார் விற்ற விலையை நினைத்து இன்று விலை பேசுவது, சென்ற ஆண்டு மழையை நம்பி இவ்வாண்டு விதைப்பதற்கு ஒப்பாகும்.

இரண்டாவது எண்ணாகிய மீதிச் செலவைக் காண்பதற்கு வண்டியை ஒழுங்காக ஆராய வேண்டும். ஆராய்ச்சி கொட்டிலில் அன்று, அலுமாரியில் தொடங்குகிறது. பதிவுப் புத்தகம் உண்டா? அதிலுள்ள அடிச்சட்ட இலக்கமும் இயந்திர இலக்கமும் வண்டியில் உள்ளவற்றோடு பொருந்துகின்றனவா? இயந்திரம் மாற்றப்பட்டிருந்தால் அம்மாற்றம் மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்திற் பதிவாகியிருக்கிறதா? வருமான அனுமதிப்பத்திரம் எந்த ஆண்டோடு நின்றது? பத்திரமில்லாத வண்டி எவ்வளவு அழகாக முடிந்தாலும் வீதிக்கு வர இயலாது. அதற்கு உதிரிப்பாக விலையே விலை.

அடுத்து அடிச்சட்டம். மொறிஸ் மைனர் காரில் உடலும் சட்டமும் ஒன்றாய் இணைந்தவை. பிக்கப்பிலோ தனி அடிச்சட்டம் உண்டு. ஓட்டுநர் அறையும் சரக்குத் தட்டும் அதன்மேல் ஏற்றப்பட்டவை. அச்சட்டம் துருவால் உண்ணப்பட்டிருந்தால் மேலே பூசிய மினுக்கு வீண். ஒரு சிறு காந்தத்தைத் தகட்டின்மீது நகர்த்திப் பார்த்தால், அது பிடிக்காத இடத்தில் தகட்டை மறைத்து மாப்பசை தடித்திருப்பது தெரியவரும். மறைக்கப்பட்ட துருவைவிட வெளிப்பட்ட துரு மேலானது. அதன் செலவைக் கணிக்கலாம்.

இல்லாத பாகங்களும் எல்லாம் ஒரு விலையின அல்ல. முன்பக்கத் தகடுகள் காருக்கும் பிக்கப்புக்கும் பொதுவானவை, தேடினாற் கிடைக்கும். சரக்குத் தட்டும் அதன் பின்கதவும் பிக்கப்புக்கே உரியவை. அவை தொலைந்திருந்தால் கணக்கு மிகவும் இறங்கும். இயந்திரத்தைப் பொறுத்தமட்டில் அச்சம் குறைவு. ஒஸ்ரின் ஏ35, மினி முதலிய வண்டிகளிலும் இவ்வினத்து இயந்திரமே அமைந்தமையால் அதன் பாகங்கள் இன்றும் வெளிநாடுகளில் புதிதாகவே செய்யப்படுகின்றன. நெடுங்காலம் நின்ற இயந்திரத்தைப் பற்றரி பூட்டி உடனே சுழற்றலாகாது. பிளக்குகளைக் கழற்றிச் சிறிது எண்ணெய் விட்டு ஊறவைத்து, கைப்பிடியால் மெல்லச் சுற்றிப் பார்க்க வேண்டும். அசையாவிட்டால் முழுத் திருத்தத்துக்குரிய செலவைக் கணக்கிற் சேர்த்தல் வேண்டும். மண்ணெண்ணெயில் ஓடிய இயந்திரமாயின் சிலிண்டர்த் தேய்மானத்தையும் வால்வுகளிற் படிந்த கரியையும் எதிர்பார்க்கலாம். முன் சக்கரங்களைத் தாங்கும் கீழ் மூட்டுக்களைக் காலந்தவறாது கிறீஸ் இட்டுப் பேணாவிட்டால், அவை கழன்று சக்கரமே மடிந்துவிடும். உயிரோடு தொடர்புடைய இவ்விடத்தில் சிக்கனம் ஆகாது.

வேலை முக்காற்பங்கு முடிந்துவிட்டது என்னும் சொல்லை எச்சரிக்கையோடு கேட்க வேண்டும். பெரிய வேலைகள் கண்ணுக்குத் தெரிகின்றன. மின்கம்பி இணைப்பு, கண்ணாடிகளைச் சுற்றிய றப்பர், பூட்டுக்கள், இருக்கைத் தையல் ஆகிய சிறு வேலைகளே காலத்தை விழுங்குகின்றன. சுண்டைக்காய் காற்பணம், சுமைகூலி முக்காற்பணம் என்பது இங்கே முற்றிலும் பொருந்தும். மேலும், பிரித்தவரே பூட்டுவது எளிது. பிறர் பிரித்ததைப் பூட்டுவது கடினம். ஆகையால் விற்க எண்ணும் குடும்பத்தார், பாகங்களை ஒன்றாகச் சேர்த்து, பெயர் எழுதிக் கட்டி, இருப்பன இவை, இல்லாதன இவை என்று ஒரு பட்டியல் செய்தால், பணச்செலவின்றியே வண்டியின் விலை உயரும். வாங்குபவரின் ஐயம் குறையுந்தோறும் அவர் கேட்கும் கழிவும் குறையும்.

இங்கிலாந்தின் பாத் நகரில் மொறிஸ் மைனர் நிலையம் நடத்திய சார்ள்ஸ் வெயார் என்பவர், பழைய காரை நீடித்துப் பேணுவது புதிய காரை வாங்கித் தேயவிடுவதினும் சிக்கனமானது என்று 1982இல் ஒரு நூலில் வாதிட்டார். அவ்வாதம் பொருந்துவது, வண்டியைப் பயன்படுத்துபவர்க்கே. தோட்டத்துக்குப் பசளையும் சந்தைக்கு வாழைக்குலையும் கொண்டுசெல்ல வண்டி வேண்டியவர், முடித்தபின் விற்பதில்லை. ஆதலால் சந்தை விலையைக் கடந்து சிறிது செலவழித்தாலும் அவருக்கு நட்டமில்லை. இலாபத்துக்காக முடிக்க முனைபவருக்கோ அந்தச் சலுகை கிடையாது. பாதிக் கிணறு தாண்டியவர் மீதியையும் தாண்டியே தீரவேண்டும் என்பர். வண்டி கிணறு அன்று. பாதியில் நிறுத்துவதால் எவரும் விழுந்து போவதில்லை. விழுவது, கணக்குப் பாராமல் மேலும் மேலும் பணத்தைப் போடும்போதுதான்.

இனி, பங்கு பிரிக்கும் வீட்டின் வழக்கு. முடிக்க விரும்பும் மகன் பற்றுச்சீட்டுக்களின் மொத்தத் தொகையைக் கொடுக்கக் கடமைப்பட்டவனல்லன். இரும்பு விலைக்கு எடுத்துக்கொள்ளவும் உரிமையுடையவனல்லன். அயலார் ஒருவர் வந்தால் தரக்கூடிய நியாய விலை எதுவோ, அதனையே அவனும் தாய்க்கும் உடன்பிறந்தாருக்கும் உரிய பங்காகக் கொடுக்க வேண்டும். கணிப்பதற்கு, வாங்கவோ விற்கவோ விருப்பமில்லாத ஒரு மெக்கானிக்கை அழைத்து, அவர் பாதி நாட் கூலியை எல்லோரும் சேர்ந்து கொடுத்துவிட்டால், பின்னாளில் மனத்தாங்கல் எழாது.

தந்தையின் கைபட்ட பொருள் என்னும் மதிப்பு உண்மையானதே. ஆனால் அது விலையோடு கூட்டப்படுவதன்று. அதனை அயலாரிடம் வாங்கவும் முடியாது. சகோதரியின் பங்கிலிருந்து கழிக்கவும் கூடாது. அம்மதிப்பை உணர்கிறவனே தன் உழைப்பால் அதனைச் செலுத்துகிறான். அவர் விட்ட இடத்திலிருந்து அடுத்த திருகை அவன் முறுக்கும்போது, வண்டிக்கு நியாய விலையும் கொடுத்தாயிற்று. வீட்டிலே எவருடைய கண்ணீரும் அதன்மேற் சிந்தவில்லை என்னும் மனநிறைவும் அவனுக்கு உண்டு.