லாரியின் வாலும் விமானத்தின் மூக்கும்

நான் கேமரன் மலை, ரிங்லெட் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துலேருந்து வர்றேன். வீட்டுலயே விமானம் கட்டிப் பறக்குறது வீரமா, விபரீதமான்னு கேட்டீங்க. வீரம்தான் ஐயா. ஆனா எங்க லாரி டிரைவர்கள்கிட்ட ஒரு பாடம் படிச்சுட்டுப் பறக்கணும்.

தாப்பா சாலையில ஏறுற லாரியில மூட்டையெல்லாம் வால்பக்கம் அடுக்கினா முன்சக்கரம் லேசாகி, ஸ்டியரிங் சொன்ன பேச்சு கேட்காது. விமானமும் அப்படித்தான். எடை அளவு மீறிப் பின்னால போயிட்டா, ஒரு தடவை தூக்கின மூக்கு தானா இறங்காது, மேல மேல தூக்கும். லாரின்னா ஓரங்கட்டலாம். வானத்துல எங்கே ஓரங்கட்டுறது?

பெங்களூரு என்.ஏ.எல். ஆய்வகம், அமெரிக்காவின் பர்ட் ரூட்டன் வடிவமைச்ச லாங்-ஈஸியை வெச்சு ஒரு ஆராய்ச்சி விமானம் கட்டுச்சு. 1987-ல பறந்துச்சு. வரைபடம் வாங்கி வீட்டுலயே கட்டுற வகை அது. சின்ன இறக்கை முன்னால, பெரிய இறக்கை பின்னால, எஞ்சின் வால்ல. வேகம் ரொம்பக் குறைஞ்சா முன் இறக்கைதான் முதல்ல தூக்குறதை விடும். மூக்கு தானா தாழும், வேகம் திரும்பும். பெரிய இறக்கை தூக்கிக்கிட்டே இருக்கும். என்ன அழகான யோசனை பாருங்க! ஆனா எடை எல்லை தாண்டிப் பின்னால போச்சுன்னா இந்தக் காவலும் போச்சு.

இதே லாங்-ஈஸியிலதான் அமெரிக்கப் பாடகர் ஜான் டென்வர் 1997 அக்டோபர் 12 அன்னிக்குக் கலிபோர்னியா கடல்ல விழுந்து இறந்தார். பெட்ரோல் டேங்க் மாத்துற கைப்பிடி, ரூட்டன் வரைபடப்படி விமானியோட கால்களுக்கு நடுவுல இருக்கணும். கட்டினவர் அதை இடது தோளுக்குப் பின்னால வெச்சுட்டார். பெட்ரோல் குழாய் உள்ளே வர வேண்டாமேங்கிற நல்ல எண்ணம்தான்! ஆனா அதைத் திருப்ப உடம்பையே திருப்பணும். அப்போ வலது கால் தன்னையறியாம பெடலை மிதிச்சுடும். விசாரணை முடிவும் அதைத்தான் சொல்லுச்சு. பெட்ரோலும் போதுமான அளவு போடலை. பழைய விமானத்தை விலைக்கு வாங்கின டென்வர், அதை ஓட்டிப் பழகினதே முந்தின நாள்தான்.

இன்னொரு வேடிக்கை. லாங்-ஈஸியில விமானி இறங்கிட்டா அது பின்பக்கம் சாய்ஞ்சுடும். அதனால முன்சக்கரத்தை மடக்கி, மண்டி போட வெச்சுத்தான் நிறுத்துவாங்க. ஆகவே கட்டி முடிச்சதும் மூணு சக்கரத்துக்கும் தனித்தனி தராசு வெச்சு நிறுக்கணும், கொழுந்துக் கூடையை நிறுக்கிற மாதிரி. பெயிண்ட் அடிச்சா மறுபடி நிறுக்கணும். பேட்டரியை இடம் மாத்தினாலும் நிறுக்கணும், ஐயா.