சொல்லத் தயங்கும் நோய்கள்

பிழைப்பை நாடிப் பிற மாநிலங்களில் குடியேறிய நாம், காய்கறிக் கடையில் பேரம் பேசவும் பஸ்ஸில் வழி கேட்கவும் விரைவில் கற்றுக்கொள்கிறோம். ஆயினும், நம் வீட்டுப் பெண்மணி ஒருவர் தம் உடலின் துன்பத்தை மருத்துவரிடம் எடுத்துரைக்க வேண்டிய வேளையில், கற்ற மொழியனைத்தும் நம்மைக் கைவிட்டுவிடுகின்றது.

டில்லியில் நம் அண்டை வீட்டு அம்மையாருக்கு மாதந்தோறும் பத்து நாள் வரை உதிரப்போக்கு இருந்து வந்தது. மருத்துவரிடம் கணவர் உடன் சென்றார். அவர் அருகில் இருந்தமையால் அம்மையார், 'அடிவயிற்றில் வலி' என்று மட்டும் கூறினார். கணவர் அதனை ஹிந்தியில் 'பேட்' என்று பெயர்த்தார். செரிமானத்துக்கு மருந்து கிடைத்தது. இவ்வாறே எட்டு மாதங்கள் கழிந்தன. மாடிப்படி ஏறவே மூச்சு வாங்கிய நிலையில்தான் அம்மையார் நம்மைத் துணைக்கு அழைத்தார். "அவர் பக்கத்தில் நிற்கும்போது எப்படி அக்கா சொல்வது?" என்று அவர் கேட்டது இன்னும் நம் செவியில் ஒலிக்கின்றது. கருப்பையில் நார்க்கட்டி இருப்பது அன்று தெரிய வந்தது. சிகிச்சை பெற்று அவர் இன்று நலமாக உள்ளார்.

மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நாமும் அன்று சற்று நாணமுற்றோம். அகராதி தந்த 'கர்ப்பாசய்' என்னும் சொல் நமக்குத் தெரியும். அங்கிருந்த செவிலியர் வழங்கிய 'பச்சேதானி' என்னும் சொல் தெரியாது. ஆகவே, இவ்வுறுப்புகளையும் அவற்றுக்கு நேரும் சில நோய்களையும் இன்று சுருக்கமாகக் காண்போம்.

கருப்பை, கவிழ்த்து வைத்த பேரிக்காய் போன்றது. அதன் நீளம் சுமார் 7.5 சென்டிமீட்டர். அதன் முன்னே சிறுநீர்ப்பையும் பின்னே மலக்குடலும் அமைந்துள்ளன. இருபுறமும் பாதாம் பருப்பின் வடிவில் சினைப்பைகள் உள்ளன. அவற்றிலிருந்து வெளிப்படும் சினைமுட்டை, சுமார் 10 சென்டிமீட்டர் நீளமுள்ள குழாயின் வழியே கருப்பையை அடைகின்றது. கருப்பையின் கீழ்ப்பகுதியே கருப்பை வாய். அதனை வெளியுடன் இணைக்கும் பாதை யோனி எனப்படும்.

வளர்ந்த பெண்களுக்கு 21 முதல் 35 நாட்களுக்கு ஒருமுறை மாதவிடாய் வருவது இயல்பு. உதிரப்போக்கு எட்டு நாட்களுக்கு மேல் நீடித்தாலும், ஒவ்வொரு மணி நேரமும் துணி மாற்ற நேரிட்டாலும், பெரிய கட்டிகளாக வெளிப்பட்டாலும் அதனை இயல்பென்று கொள்ளலாகாது. நார்க்கட்டி இதற்கு ஒரு காரணமாகலாம். அது பெரும்பாலும் புற்றுநோயன்று. எனினும் அது முன்னுள்ள சிறுநீர்ப்பையை அழுத்துவதால் அடிக்கடி சிறுநீர் கழிக்க நேரலாம். மிகுந்த போக்கினால் இரத்தசோகையும் உண்டாகலாம். கருவுறாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் குறைந்தால் அது இரத்தசோகை. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 15 முதல் 49 வயது வரையுள்ள இந்தியப் பெண்களில் 57 விழுக்காட்டினர் இக்குறையுடையவர்கள்.

பள்ளிக்கும் அலுவலகத்துக்கும் செல்ல இயலாதபடி மாதந்தோறும் வருத்தும் வலியை, 'கல்யாணமானால் சரியாகிவிடும்' என்று ஒதுக்குதல் தவறு. கருப்பையின் உட்படலம் போன்ற திசு வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸ் என்னும் நோயாக அது இருக்கலாம். மாதவிடாய் பல மாதங்கள் தவறுவதுடன் முகத்தில் ரோமமும் பருக்களும் மிகுமாயின், சினைப்பை நீர்க்கட்டி என வழங்கும் ஹார்மோன் கோளாறா என்று ஆராய வேண்டும். வெள்ளைப்படுதல் ஓரளவு இயல்பே. அரிப்பு, துர்நாற்றம், நிறமாற்றம் ஆகியவை சேர்ந்தால் அதற்குச் சிகிச்சை தேவை. ஹிந்தி பேசும் மருத்துவமனையில் இதனை 'சஃபேத் பானி' என்றால் எவருக்கும் விளங்கும். மாதவிடாய் அங்கே 'மாஹ்வாரி'.

மாதவிடாய் நின்று ஓராண்டு கழிந்தபின் ஒரு துளி உதிரம் கண்டாலும், தாம்பத்திய உறவுக்குப் பின் உதிரம் கண்டாலும், நாள் கடத்தாமல் மருத்துவரைக் காண்க. கருப்பை வாய்ப் புற்றுநோயின் அறிகுறியாகவும் அது இருக்கலாம். இந்நோய்க்குப் பெரும்பாலும் காரணம் ஒரு வைரஸ் கிருமி என்பதைக் கண்டறிந்தமைக்காக ஹரால்ட் சூர் ஹௌசன் 2008-இல் நோபல் பரிசு பெற்றார். இன்று அதற்குத் தடுப்பூசி உண்டு; 9 முதல் 14 வயதுக்குள் இடுவது சிறப்பு. 30 முதல் 65 வயது வரையுள்ள பெண்களுக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை சோதனை நடத்த வேண்டுமென மத்திய அரசு 2016-இல் நெறி வகுத்தது. கருப்பை வாயில் அசிட்டிக் அமிலம் தடவிப் பார்க்கும் அச்சோதனைக்குச் சில நிமிடங்களே போதும்.

மருத்துவமனைக்குப் புறப்படுமுன், கடைசியாக மாதவிடாய் வந்த தேதியையும் போக்கு நீடித்த நாட்களையும் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். மொழி போதாவிடில் அண்டையிலுள்ள பெண்மணி ஒருவரை உடன் அழையுங்கள். ஆடவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: மனைவியோ, தாயாரோ, மகளோ மருத்துவரிடம் தனித்துப் பேச விரும்பினால், சிறிது நேரம் வெளியே காத்திருங்கள். அந்த ஐந்து நிமிடம் நம் அண்டை வீட்டில் கிடைத்திருந்தால், எட்டு மாதத் துன்பம் மிச்சமாகியிருக்கும்.