சாண எரிவாயுவும் நிக்கலும்



உங்கள் கொல்லையில் இருக்கிற கோபர் கேஸ் கலனில் உண்டாவது ஒரே வாயு அல்ல. நூற்றுக்கு 55 முதல் 65 பங்கு வரை மீத்தேன்; மீதி பெரும்பாலும் கரியமில வாயு. அடுப்பில் எரிவது மீத்தேன்தான். கரியமில வாயு சும்மா கூடவே வந்து போகிறது. இரண்டுமே பூமியைச் சூடாக்குபவை. அதிலும் எரியாமல் கசிகிற மீத்தேன், 100 ஆண்டுக் கணக்கில், அதே எடைக் கரியமில வாயுவைப்போல சுமார் 27 மடங்கு கெடுதல் செய்யும்.

இந்த இரண்டையும் உருப்படியான பொருளாக மாற்ற முடியுமா? முடியும். 700 முதல் 900 டிகிரி சூட்டில், நிக்கல் பதித்த மணிகள்மேல் இவற்றைச் செலுத்தினால், ஹைட்ரஜனும் கார்பன் மோனாக்சைடும் கலந்த தொகுப்பு வாயு கிடைக்கிறது. அதிலிருந்து மெத்தனால் செய்யலாம், டீசலும் செய்யலாம். ஜெர்மனியில் பிஷர், டிராப்ஷ் என்ற இருவர் 1928-லேயே இதை ஆராய்ந்தார்கள். இங்கே நிக்கல் கல்யாணத் தரகர் மாதிரி. இரு வீட்டாரையும் சேர்த்துவைக்கும்; தான் செலவாகாது. இதைத்தான் வினையூக்கி என்கிறோம்.

நீங்கள் வயலுக்குப் போடுகிற யூரியாவும் இந்த வழியில் வந்ததுதான். உர ஆலையில் இயற்கை எரிவாயுவையும் நீராவியையும் நிக்கல்மேல் செலுத்தி ஹைட்ரஜன் எடுக்கிறார்கள். அது அம்மோனியாவாகி, பிறகு யூரியாவாகிறது.

நீராவிக்குப் பதில் கரியமில வாயு என்றால் தொல்லை அதிகம். அரிக்கேன் விளக்குக் கண்ணாடியில் புகை படிவதுபோல நிக்கல்மேல் கரி படிந்து வேலையை நிறுத்திவிடும். அழுகிய முட்டை நாற்றமடிக்கும் கந்தக வாயுவும் அதற்கு விஷம். விஞ்ஞானிகள் இப்போது நிக்கலோடு சுட்ட சுண்ணாம்பையும் சேர்த்துப் பார்க்கிறார்கள். சுண்ணாம்பு புகையிலுள்ள கரியமில வாயுவைப் பிடித்துவைக்கும். பிறகு மீத்தேனைச் செலுத்தினால், நிக்கல் இரண்டையும் தொகுப்பு வாயுவாக்கிவிடும். சுண்ணாம்பு மறுபடி பழைய நிலைக்கு வரும்.

"அப்படியானால் நிக்கல் தூள் வாங்கிக் கலனில் போடலாமா?" என்று கேட்காதீர்கள். அந்தச் சூடு அங்கே ஏது? அந்தத் தூள் மூச்சில் போனால் உடம்புக்கும் கேடு.

நீங்கள் செய்யவேண்டியது மூன்று. குழாய் இணைப்புகளில் சோப்பு நீர் தடவிப் பாருங்கள். குமிழி வந்தால் கசிவு, உடனே அடையுங்கள். தீக்குச்சி கிழித்துச் சோதிக்கவே கூடாது. துருப்பிடித்த இரும்புச் சீவல் நிரப்பிய வடிகட்டி வையுங்கள்; கந்தக வாயுவை அது பிடித்துக்கொள்ளும், அடுப்பும் குழாயும் அரிக்காது. மிஞ்சும் வாயுவைத் திறந்துவிடாமல் எரித்துவிடுங்கள். மீத்தேனாகப் போவதைவிட எரிந்து போவது மேல்.

ஆலைக்காரர் வேலை ஆலையில் நடக்கட்டும். நம் கலன் கசியாமல் இருக்கட்டும்.