கண்ணறைக்குள் இருமொழி அறிந்தது எது?



மொழிபெயர்ப்பு என்பது நூலகத்திலும் அலுவலகத்திலும் மட்டும் நடைபெறும் தொழில் அன்று. இவ்வவையில் வீற்றிருக்கும் ஒவ்வொருவர் உடலிலும் இந்நொடியில் அது நடைபெற்றுக்கொண்டிருக்கிறது. செல் என்று பாடநூல்கள் எழுதும் கண்ணறைக்குள் புரதம் உருவாகும் வினைக்கு உயிர்நூலார் சூட்டிய பெயரே மொழிபெயர்ப்பு என்பதுதான். மொழிநூலிலிருந்து பிற துறையார் கடன்பெற்ற சொற்களுள் இதனைப் போலப் பொருந்தி அமைந்தது அரிது. அங்கே மெய்யாகவே இரண்டு மொழிகள் உள்ளன. ஒன்றின் எழுத்து மற்றொன்றில் இல்லை.

மூலநூல் டி.என்.ஏ. ஆகும். அது கண்ணறையின் கருவுக்குள் காப்பாக வைக்கப்பட்டுள்ளது. வேண்டிய பகுதி மட்டும் தூது ஆர்.என்.ஏ. என்னும் படியாக எடுக்கப்பட்டு வெளியே அனுப்பப்படுகிறது. இது படியெடுத்தலேயன்றி மொழிபெயர்ப்பு ஆகாது. சுவடியைப் பார்த்துப் படியெடுப்பவர்க்கு வேற்றுமொழி தெரிந்திருக்க வேண்டியதில்லை. தூது ஆர்.என்.ஏ.வின் மொழிக்கு எழுத்து நான்கே. அடினைன், யுராசில், குவானைன், சைட்டோசின் என்னும் வேதிப்பொருள்களே அவ்வெழுத்துகள். அவற்றை ஆங்கில எழுத்துகளால் குறிப்பது உலக வழக்கு. அ, யு, கு, சை என்று தமிழில் குறித்தால் அறிவியலுக்கு யாதொரு குறையும் நேர்ந்துவிடாது.

மற்றொன்று புரதத்தின் மொழி. அதற்கு எழுத்து இருபது. அமினோ அமிலங்கள் என்று வழங்கும் அமினோக் காடிகளே அவை. அவை எவ்வரிசையில் கோக்கப்படுகின்றனவோ அதற்கேற்பப் புரதம் மடிந்து உருப்பெறும். குருதியில் உயிர்வளியைச் சுமப்பதும் தசையைச் சுருக்குவதும் உணவைச் செரிப்பிப்பதும் இவ்வாறு கோக்கப்பட்ட புரதங்களே.

நான்கு எழுத்தால் இருபதைக் குறிப்பது எவ்வாறு? ஓர் எழுத்துக்கு ஒரு காடி என்றால் நான்குக்கு மேல் குறிக்க இயலாது. ஈரெழுத்துச் சொற்கள் பதினாறே அமையும். மூவெழுத்துச் சொற்களோ அறுபத்து நான்கு. ஆகவே இயற்கை மூவெழுத்துச் சொல்லைக் கைக்கொண்டது. அதனை முக்குறி எனலாம். அறுபத்து நான்கனுள் மூன்று முற்றுப்புள்ளிகள். எஞ்சிய 61 முக்குறிகளும் இருபது காடிகளைக் குறிக்கின்றன. லூசின் என்னும் காடிக்கு ஆறு சொற்கள் உண்டு. மெத்தியோனினுக்கு அ-யு-கு என்னும் ஒரே சொல். ஒருபொருள் குறித்த பல சொல் இம்மொழியில் மிகுதி. பலபொருள் குறித்த ஒரு சொல்லோ மிகமிக அரிது. புலவர்க்கு இது வறுமையாகத் தோன்றலாம். கண்ணறைக்கு இதுவே காப்பு.

இம்மொழியில் சொற்களுக்கிடையே இடைவெளியும் இல்லை. பழஞ்சுவடிகளிலும் அவ்வாறே எழுத்துகள் இடையீடின்றி ஓடும். எங்குப் பிரிப்பது என்பது படிப்பவர் பொறுப்பு. மரம்வயல்கடல்நிலம் என்று ஒரு வரி இருப்பதாகக் கொள்க. மும்மூன்று எழுத்தாகப் பிரித்தால் நான்கு நல்ல சொற்கள் கிடைக்கும். முதலில் உள்ள மகரத்தை மட்டும் நீக்கிவிட்டு மீண்டும் மும்மூன்றாகப் பிரித்தால் ரம்வ, யல்க, டல்நி, லம் என்று வரும். தமிழ்மரபில் சொல்லுக்கு முதலாகாத எழுத்துகளே பெரும்பாலும் முதலில் வந்து நிற்கும்! ஓரெழுத்து நழுவினால் அவ்வோரிடம் மட்டும் கெடுவதில்லை. அதன் பின்னுள்ள வரி முழுதும் கெடுகிறது. 1961ஆம் ஆண்டில் கிரிக், பிரென்னர் முதலியோர் நுண்ணுயிரைத் தாக்கும் நச்சுயிரியில் ஓரெழுத்து, ஈரெழுத்து, மூவெழுத்து எனக் கூட்டியும் குறைத்தும் ஆய்ந்தனர். மூன்று நழுவியபோது பொருள் பெரும்பாலும் மீண்டு வந்தது. மூவெழுத்தே சொல் என்பதற்கு அது வலிமையான சான்றாயிற்று.

அச்சொற்களுக்குப் பொருள் கண்டவர் கதை சுவையானது. அமெரிக்காவில் பெதசுதா நகரிலுள்ள நடுவணரசின் நலவாழ்வு ஆய்வு நிறுவனத்தில் மார்சல் நிரன்பர்க் என்னும் இளைஞரும், செருமனியிலிருந்து வந்த மத்தேயி என்பாரும் 1961 மே மாதத்தில் ஓர் ஆய்வு செய்தனர். குடல்வாழ் நுண்ணுயிரை அரைத்துச் சாறெடுத்து, யு என்னும் ஓரெழுத்தே திரும்பத் திரும்ப வரும் செயற்கை ஆர்.என்.ஏ.வை அதிலிட்டனர். பினைல்அலனின் என்னும் ஒரே காடி தொடர்ந்து கோக்கப்பட்ட புரதம் உருவாயிற்று. யு-யு-யு என்பதன் பொருள் பினைல்அலனின்! அகரமுதலியின் முதற்சொல் கிடைத்துவிட்டது. அவ்வாண்டு ஆகசுட்டில் மாசுக்கோ மாநாட்டில் நிரன்பர்க் இதனைக் கூறியபோது கேட்டவர் மிகச் சிலரே. அவர் அன்று பெயர் பெற்றவர் அல்லர். செய்தியின் அருமை உணர்ந்த கிரிக், பேரவையில் மீண்டும் பேச அவருக்கு இடம் பெற்றுத் தந்தார். பேச்சின் மதிப்பைப் பேசுபவர் பெயரால் அளக்கும் வழக்கம் எல்லா நாட்டிலும் உண்டு போலும்.

பஞ்சாபின் இராய்ப்பூர் என்னும் சிற்றூரில் பிறந்த அர்கோவிந்து கொரானா, எழுத்து வரிசை ஐயத்திற்கு இடமின்றித் தெரிந்த ஆர்.என்.ஏ.க்களைத் தம் கைப்பட ஆக்கினார். யுவும் சையும் மாறிமாறி வரும் தொடரை இட்டபோது, செரினும் லூசினும் மாறிமாறி வரும் புரதம் உருவானது. யு-சை-யு ஒரு சொல், சை-யு-சை மறுசொல் என்பது அதனால் தெளிவாயிற்று. 1966ஆம் ஆண்டளவில் அகரமுதலி நிறைவெய்தியது. 1968இல் நிரன்பர்க், கொரானா, ஓலி ஆகிய மூவரும் நோபல் பரிசு பெற்றனர்.

இனி, தலைப்பின் வினாவுக்கு வருவோம். அகரமுதலி இருந்தால் மட்டும் மொழிபெயர்ப்பு நடந்துவிடுமா? அதனைக் கற்றறிந்த ஒருவர் வேண்டுமே! கண்ணறைக்குள் இருமொழியும் அறிந்தது எது?

இரைபோசோம் என்று உடனே விடை வரும். தூது ஆர்.என்.ஏ.வைப் பற்றிக்கொண்டு முக்குறி முக்குறியாகப் படித்து, காடிகளைக் கோத்துப் புரதமாக்கும் பெரும்பொறி அது. நுண்ணுயிரில் நொடிக்கு இருபது காடிகள் வரை கோக்கும் விரைவுடையது. ஆயினும் காடியையும் முக்குறியையும் அது நேரே ஒப்பிட்டுப் பார்ப்பதில்லை. இரண்டுக்கும் இடையே கடத்து ஆர்.என்.ஏ. என்னும் சிறு சுமைகாரர் உண்டு. அதன் ஒரு முனையில் முக்குறியோடு பொருந்தும் மூன்றெழுத்து, மறுமுனையில் காடி. இத்தகைய இடையாள் ஒருவர் இருந்தாக வேண்டும் என்று, அதனைக் கண்ணால் காண்பதற்கு முன்பே, 1955இல் கிரிக் நண்பர்களுக்கு எழுதிச் சுற்றுக்கு விட்ட குறிப்பில் கூறியிருந்தார்.

இரைபோசோம் சுமைகாரரின் அடையாள எழுத்தைப் பார்க்கிறதா, தலையிலுள்ள சுமையைப் பார்க்கிறதா? 1962இல் சாப்வில், லிப்மன், பென்சர் முதலியோர் செய்த ஆய்வு இதற்கு விடை கூறியது. சிசுடீன் என்னும் காடியில் கந்தகம் உண்டு. அக்கந்தகத்தை நீக்கினால் அது அலனின் என்னும் வேறு காடியாகிவிடும். சிசுடீனுக்குரிய சுமைகாரர் மேல் சிசுடீனை முறைப்படி ஏற்றியபின், ஒருவகை நிக்கலைக் கொண்டு கந்தகத்தை மட்டும் பிரித்தெடுத்தனர். இப்போது சுமைகாரர் சிசுடீனுடையவர், சுமையோ அலனின். இரைபோசோம் என்ன செய்தது? சிசுடீன் வரவேண்டிய இடத்தில் தயங்காமல் அலனினைக் கோத்தது!

அன்பர்களே, இவ்வாய்வின் பொருளை எண்ணிப் பார்த்தல் வேண்டும். இரைபோசோமுக்கு ஒரு மொழிதான் தெரியும். எழுத்தோடு எழுத்தை ஒட்டிப் பார்ப்பதில் அது வல்லது. வந்த சுமை மெய்யா பொய்யா என்பதை அது ஆராய்வதில்லை. அச்சுக்கோப்பவர் போன்றது அது, மொழிபெயர்ப்பாளர் அன்று. மொழிபெயர்ப்பு அதற்கு முன்பே, சுமைகாரர் தலையில் சுமை ஏறும் இடத்திலேயே முடிந்துவிடுகிறது. ஏற்றுபவை அமினோஅசைல் சிந்தட்டேசு என்னும் நீண்ட பெயருடைய நொதிகள். ஏற்று நொதி என்பது போதும். பெரும்பாலான உயிர்களில் காடிக்கு ஒன்றாக இருபது ஏற்று நொதிகள் உள்ளன. ஒவ்வொன்றும் ஒரு கையால் தன் காடியையும் மறு கையால் அதற்குரிய கடத்து ஆர்.என்.ஏ.வையும் அறிந்து பிடிக்கிறது. இரண்டு மொழியும் சந்திக்கும் இடம் அது ஒன்றே. பாடநூல்கள் இரைபோசோமுக்குப் பக்கம் பக்கமாக ஒதுக்கிவிட்டு, இந்நொதிகளை இரண்டு வரியில் கடந்து செல்வது முறையன்று.

முக்குறிக்கும் காடிக்கும் உள்ள உறவு பெரும்பாலும் இடுகுறி உறவே. கு-யு-கு என்னும் எழுத்தில் வாலினின் சாயல் எதுவும் வெளிப்படையாக இல்லை. கரணியத்தை ஆராய்பவர் இன்றும் உளர். மாந்தக் கண்ணறையின் ஆற்றலறையாகிய மைட்டோகாண்டிரியாவில் யு-கு-அ என்பது முற்றுப்புள்ளியாக இல்லாமல் டிரிப்டோபனைக் குறிக்கிறது என்று 1979இல் கண்டபோது, இம்மொழிக்கும் வட்டார வழக்கு உண்டு என்பது தெரியவந்தது. உறவு இடுகுறியாக இருக்கும்போது, கற்றறிந்தவர் தவிர வேறெவரும் பிழையைக் கண்டுபிடிக்க முடியாது. ஆதலால் ஏற்று நொதியின் பொறுப்புப் பெரிது.

அப்பொறுப்பு எளிதும் அன்று. ஐசோலூசின், வாலின் என்னும் காடிகள் இரட்டைப் பிள்ளைகள் போன்றவை. ஒரு கரியும் இரு நீரியமும் வாலினில் குறைவு. வேறு வேறுபாடு இல்லை. ஐசோலூசினுக்கென அமைந்த குழிக்குள், அதனினும் சிறிய வாலின் எளிதில் நுழைந்துவிடும். ஒருமுறை பார்த்து மட்டும் இவ்விரண்டையும் நன்கு பிரித்தறிதல் இயலாது என்று லினசு பாலிங் 1950களிலேயே கணித்துக் கூறினார். ஆனால் 1963இல் அளந்து பார்த்தபோது, பிழை ஏறத்தாழ மூவாயிரத்தில் ஒன்றாகவே இருந்தது. எவ்வாறு? நொதி இருமுறை பார்க்கிறது. ஆலன் பெர்சுட்டு 1977இல் இதனை இரட்டைச் சல்லடை என்று விளக்கினார். முதற்சல்லடை, அளவில் பெரிய காடிகளை நுழையவிடாமல் தடுக்கிறது. இரண்டாவது சல்லடையின் கண் மிகச் சிறிது. ஐசோலூசின் அதில் நுழையாது, வாலின் நுழையும். நுழைந்த வாலின் அங்கேயே அறுத்து விலக்கப்படுகிறது. எழுதியதைத் தானே மீண்டும் படித்துத் திருத்தும் மொழிபெயர்ப்பாளி அது. இதற்குச் செலவும் உண்டு. அறுத்து விலக்கும் ஒவ்வொரு முறையும் முன்பு செலவிட்ட ஆற்றல் வீணே. கண்ணறை அதனைப் பொருட்படுத்துவதில்லை.

இரைபோசோமும் தன் தொழிலில் விழிப்பற்றது அன்று. அதன் அமைப்பைக் கண்டறிந்தமைக்காக 2009ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்ற மூவருள் ஒருவர் வெங்கட்ராமன் இராமகிருட்டிணன். 1952இல் சிதம்பரத்தில் பிறந்தவர். முக்குறியின் முதலிரண்டு எழுத்துகளும் சுமைகாரரின் எழுத்துகளோடு பொருந்துகின்றனவா என்பதை இரைபோசோம் தொட்டுப் பார்த்தே அறிகிறது என்றும், மூன்றாம் எழுத்தில் சற்று நெகிழ்ச்சி காட்டுகிறது என்றும் அவர் குழுவினர் 2001இல் தெளிவாக்கினர். லூசினுக்கு ஆறு சொற்கள் இருந்தும் ஆறு சுமைகாரர் தேவைப்படாமைக்கு இந்நெகிழ்ச்சியே கரணியம். என்புருக்கி நோய்க்குத் தரப்படும் சுடிரெப்டோமைசின் நுண்ணுயிரின் இரைபோசோமில் ஒட்டிக்கொண்டு இத்தொட்டறியும் திறனைக் குலைத்துவிடுகிறது. நுண்ணுயிர் தன் மூலத்தைத் தானே பிழைபடப் படித்துச் சீர்கெடுகிறது.

மூலப்பிழையையும் மொழிபெயர்ப்புப் பிழையையும் ஒன்றாகக் கருதலாகாது. அரிவாள் வடிவக் குருதி நோயில், 146 காடிகள் கொண்ட ஒரு புரதத் தொடரின் ஆறாம் இடத்தில் குளூட்டாமிக் காடிக்கு மாறாக வாலின் வந்துவிடுகிறது. கு-அ-கு என்று இருக்க வேண்டியது கு-யு-கு என்று மூலத்திலேயே மாறிப்போனதால் நேர்ந்தது அது. அங்கே மொழிபெயர்ப்பில் பிழையே இல்லை. பிழைபட்ட மூலம் பிழையின்றிப் பெயர்க்கப்படுகிறது. அப்பிழை பெற்றோரிடமிருந்து பிள்ளைக்குச் செல்லும். எல்லாப் படியிலும் ஒரே இடத்தில் இருக்கும். ஏற்று நொதி செய்யும் பிழையோ இன்று ஒரு புரதத்தில் ஓரிடம், நாளை வேறொன்றில் வேறிடம் என்று சிதறிக் கிடக்கும். மூலத்தை எத்தனை முறை படித்தாலும் அப்பிழை அகப்படாது.

அதன் விளைவு என்ன என்பதை 2006இல் எலிகளில் கண்டனர். அவ்வெலிகளின் மயிர் ஒட்டிக்கொண்டது போலக் கலைந்திருக்கும். வளர வளர நடை தள்ளாடும். தேடிப் பார்த்தபோது, அலனினுக்குரிய ஏற்று நொதியில் ஒரே ஒரு காடி மாறியிருந்தது. அந்நொதி தன் தொழிலை நிறுத்திவிடவில்லை. அலனினுக்கு மாறாக, ஓர் உயிர்வளியணு மட்டும் மிகையாக உள்ள செரின் ஏறிவிட்டால் அதனை அறுத்து விலக்கும் திருத்தத் திறன் மட்டும் சிறிது தளர்ந்திருந்தது. சிறுமூளையின் பருத்த நரம்புக் கண்ணறைகளில் சரியாக மடியாத புரதங்கள் குவிந்தன. அக்கண்ணறைகள் ஒன்றன்பின் ஒன்றாக மாய்ந்தன. இரைபோசோம் அங்கும் வழக்கம்போல எழுத்துப் பிழையின்றிப் படித்துக்கொண்டுதான் இருந்தது.